முதலில் காற்றைப் பார்

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்திலுக்கு,

மாமா எழுதுகிறேன். அக்காவுக்கு முட்டி வலி தேவலையா? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். ரிசார்ட்டில் சவாரிக்கு விட்டு ஓய்ந்துபோன நாலு சக்கர ஏடிவியைத் தோப்புக்கு வாங்கியிருக்கிறாய். ஹேண்டில் இடப்பக்கமே இழுக்கிறது, வரப்பில் போனால் கை ஆடுகிறது, டை ராடு செட்டையே மாற்றச் சொல்கிறார்கள் என்கிறாய். அவசரப்படாதே கண்ணு. எங்கே லூஸ் என்று கண்ணால் பார்க்காமல் ஒரு சாமானும் வாங்காதே.

முதலில் காற்று. இந்த மாதிரி வண்டிக்குப் பெரும்பாலும் 4, 5 பவுண்டுதான். சரியான அளவு ஃபெண்டர் ஸ்டிக்கரில் இருக்கும். பங்க்சர் கடையில் பைக் ஞாபகத்தில் 25 அடித்துவிடுவார்கள். இவ்வளவு குறைந்த காற்றில், இரண்டு முன் டயருக்கும் நடுவே ஒரு பவுண்டு வித்தியாசம் இருந்தாலே இழுக்கும். கடை கேஜில் அது தெரியாது. பத்துக்குள் காட்டுகிற சின்ன கேஜ் ஒன்று வாங்கு. இப்போதைக்கு அந்தச் செலவு போதும். இரண்டு டயரும் ஒரே சைஸ்தானா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்.

அடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி முன் டிஸ்க் பக்கத்தில் கையைக் கொண்டுபோ. தொட்டுவிடாதே. ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடிக்கிறது.

இதற்கும் தீரவில்லையென்றால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடு. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதே. சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டாக இருக்கலாம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இரண்டு விதத்திலும் ஆடினால் பேரிங் மேல்தான் என் சந்தேகம். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கேள், மணல் அரைக்கிற மாதிரி சத்தம் வரும்.

இனி ஒருவரை ஹேண்டிலை லேசாக அசைக்கச் சொல்லி, ஒவ்வொரு மூட்டிலும் விரலை வை. எங்கே 'டக்' என்று விரலில் தட்டுகிறதோ அதுதான் கள்ளன். நான் ஒரு தடவை இப்படிப் பார்க்காமல் டை ராடு எண்டு நாலையும் மாற்றினேன். ஆட்டம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் ஸ்டீரிங் தண்டை மேலே பிடித்திருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து முட்டை ஓடு மாதிரி ஆகியிருந்தது. கழற்றும்போதே கையில் நொறுங்கியது. அன்றைக்கு வாங்கின திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ரிசார்ட் வண்டி கல்லில் மோதாமல் இருந்திருக்காது. டை ராடைக் கழற்றிச் சமதளக் கடப்பைக் கல்லில் உருட்டிப் பார், கோணியிருந்தால் தெரிந்துவிடும். தட்டி நிமிர்த்தாதே, புதுசு போடு. ஒரு முனை இடமரை, மறுமுனை வலமரை என்பது நினைவிருக்கட்டும். போட்ட பிறகு ஹேண்டிலை நேராகக் கட்டிவைத்து, இரண்டு முன் டயருக்கும் இடையே முன்புறம் ஒரு தடவை, பின்புறம் ஒரு தடவை டேப் பிடித்து அளந்து வித்தியாசத்தை எழுதி அனுப்பு. மானுவலைப் பார்த்துச் சொல்கிறேன்.

திருப்பும்போது கனக்கிறது என்றாயே, அதற்குப் பயப்படாதே. பின் ஆக்ஸில் ஒரே தண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும். நாலு சக்கர டிரைவ் போட்டால் இன்னும் கனக்கும்.

டை ராடு எண்டு நட்டை இறுக்கும்போது ஸ்பிளிட் பின் ஓட்டை ஒத்துவரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கு, ஒருபோதும் தளர்த்தாதே. பழைய பின்னைத் திரும்பப் போடாதே. போட்டதும் போட்டோ அனுப்பு. அதுவரை பாப்பாவை முன்னால் உட்காரவைத்துத் தோப்பைச் சுற்றுகிற வேலை வேண்டாம்.

அன்புடன்,
மாமா