புழுவையும் மதித்தவருக்கு

மதிப்பிற்குரிய ஃப்ரிட்ஸ் வான் எம்டன் அவர்களுக்கு,

நீங்கள் 1958இலேயே மறைந்துவிட்டீர்கள். இந்த மடல் உங்கள் கைக்கு வராது. பூச்சியியல் படிக்கும் பிள்ளைகள் காதிலாவது விழட்டும் என்றுதான், தரைவண்டுப் புழுக்களை இனங்காண நீங்கள் செய்த வேலைக்கு ஊரறிய நன்றி சொல்கிறேன்.

தரைவண்டுகளில் ஏறத்தாழ 40,000 இனங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. வைத்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த வண்டை மட்டுமே பார்த்தார்கள். மண்ணுக்குள் கிடக்கிற புழுவைச் சீந்துவார் குறைவு. டென்மார்க்கின் ஷியோட்டே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வண்டுப் புழுக்களை அருமையாக வரைந்து வைத்தார் என்பது உண்மைதான். ஆனால் ஒரு புழுவைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தப் பேரினம் என்று தேட வழி செய்தது, போர்க்காலத்தில், 1942இல், லண்டனில் வெளியான உங்கள் திறவுகோல்.

அதை வைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தால் எவ்வளவு தெரிகிறது! முன்னோக்கி நீண்ட தலை. அரிவாள் தாடை, அதன் உள்விளிம்பில் ஒரு பல். பக்கத்துக்கு ஆறு சிறு கண்கள். ஒன்பதாம் வயிற்றுக் கண்டத்தில் பெரும்பாலும் ஒரு சோடி வால் நீட்சி. காலில் நகத்தோடு சேர்த்து ஆறு பகுதிகள், நகம் பொதுவாக இரண்டு. வண்டுகளின் பெருங்கூட்டமான பாலிபேகாவின் புழுக்களுக்குக் காலில் ஒரு பகுதி குறைவு, நகமும் ஒன்றே. பிறகு 1984இல் கனடாவின் பூஸ்கேயும் கூலேயும் முதல் பருவப் புழுவின் ஒவ்வொரு மயிருக்கும் நுண்துளைக்கும் குறியீடு கொடுத்தார்கள். தோலுரித்த பின் கூடுதல் மயிர்கள் முளைத்துக் குழப்பும் என்பதால்தான் முதல் பருவத்துக்கு அந்த மரியாதை.

மயிரை எண்ணி என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு மெட்ரியஸைக் காட்டுவேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் சாதாரணத் தோற்றமுள்ள வண்டு அது. எறும்புப் புற்றில் குடியிருக்கும், உணர்கொம்பு தடித்த பௌசஸ் வண்டோடு நிறுத்தினால், சூடான ரசாயனத்தைக் கக்கும் வழக்கம் தவிர ஒட்டும் தெரியாது, உறவும் தெரியாது. பூஸ்கே 1986இல் மெட்ரியஸின் புழுவை விவரித்தார். பௌசஸ் கூட்டத்துப் புழுக்களின் வயிற்று நுனியில் உள்ள தகடு போன்ற அமைப்பு அதிலும் இருந்தது. வளர்ந்த வண்டு மறைத்த உறவைப் புழு காட்டிக்கொடுத்தது.

புழு சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. தரைவண்டுகளான லெபியா, பிராகினஸ் இரண்டின் புழுக்களும் மற்றப் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களைத் தின்று வளர்கின்றன. ஆனால் அவை தனித்தனியே அந்தப் பிழைப்புக்கு வந்தவை. பிழைப்பால் வந்த ஒற்றுமையையும் பிறப்பால் வந்த ஒற்றுமையையும் பிரித்தாக வேண்டும்.

அதற்குத் தெளிவான முறை வகுத்தவர் வில்லி ஹென்னிக். நீங்கள் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே வந்து பழகிய இளைஞர். உங்கள் தாயையும் மனைவியையும் யூதர் என்று காரணம் காட்டி நாஜிகள் உங்களை வேலையைவிட்டு விரட்டினார்கள். நீங்கள் இங்கிலாந்து போனீர்கள். ஹென்னிக் ஈக்களின் புழுக்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். இடையில் 1950இல் அவருடைய வகைப்பாட்டுக் கோட்பாட்டு நூலும் வந்தது. அவர் புகழில் உங்களுக்குப் பங்கு கேட்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லும் வகுப்பில் உங்கள் பெயரும் ஒருமுறை ஒலிக்க வேண்டும்.

மாணவர்களே, தரைவண்டு பிடித்தால் முட்டையிட வைத்துப் புழுவையும் வளர்த்துப் பாருங்கள். புழுவை நேரடியாக ஆல்கஹாலில் போட்டால் கறுத்துவிடும். கொதிக்கிற பதத்து வெந்நீரில் முக்கியெடுத்துப் போடுங்கள். எந்தத் தாயின் புழு என்று சீட்டு எழுத மறக்காதீர்கள்.


உங்கள் வாசகன்