கிலோ கணக்கு

மாடியில் துளசித் தொட்டி வைக்க நானே ஒரு ஸ்டாண்டு செய்தேன். தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், 5 மி.மீ. கனமுள்ள ஆங்கிள், ஒரு பாக்கெட் ராடு. பெயின்ட் அடித்து முடித்தபோது கடையில் வாங்கியதுபோலத்தான் இருந்தது. ஆறாம் நாள் ஒரு மூலை விட்டுப்போய், தொட்டி விழுந்து உடைந்தது. அம்மா நட்ட துளசி. அந்த மூலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு திருச்சியை அடுத்த திருவெறும்பூர் பக்கம் ஒரு கிரில் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். மூலையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உடைந்த இடத்தில் ஆங்கிளின் வெட்டு முனை, கிரைண்டர் போட்ட கோடுகூட அழியாமல் அப்படியே இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்.

"ஒட்டியிருக்கு தம்பி, பிடிக்கலை."

எத்தனை ஆம்பியர் வைத்தேன் என்று கேட்டார். 50 என்றேன். 2.5 மி.மீ. ராடுக்கு, இந்தக் கனத்துக்கு, 80க்குக் குறையக் கூடாது என்றார். ராடு மட்டும் உருகி மேலே உட்கார்ந்திருக்கிறது. அடியிலிருந்த இரும்பு உருகவே இல்லை. இரண்டும் உருகிக் கலந்து ஒன்றாக உறைந்தால்தான் அது வெல்டிங். ஒருவாரம் காலையில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "செருப்பு போட்டு வராதீங்க, ஷூ. பனியன் துணி, காட்டன் சட்டை. டெர்லின் வேண்டாம், பொறி பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும்" என்றார். அதுவே அனுமதி.

திருவெறும்பூரில் வெல்டிங் என்பது மற்ற ஊர்களைப்போலத் தெருவோரத் தொழில் மட்டுமல்ல. 1960களில் பெல் நிறுவனத்தின் பாய்லர் தொழிற்சாலை இங்கே வந்தது. 1975ல் அதற்குள்ளேயே வெல்டிங் ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனம் அமைந்தது. துவாக்குடி வரை சுற்றிலும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் முளைத்தன. ஐடிஐயில் ஒரு வருட வெல்டர் படிப்பை முடித்த பையன்கள் அங்கே கை பழகி, 6ஜி பரீட்சை பாஸ் செய்து, திருச்சியிலிருந்தே வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறினார்கள். 6ஜி என்றால் குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரே இணைப்புக்குள் கிடையாக, செங்குத்தாக, தலைக்கு மேல் என்று எல்லா நிலையும் வந்துவிடும். அதில் தேறிய கைக்கு உலகம் முழுக்க மரியாதை உண்டு.

இந்த அண்ணனும் அப்படித் தேறியவர். ஒரு யூனிட்டில் ஒப்பந்த வெல்டராகப் பதினெட்டு வருடம், இடையில் வளைகுடாவில் இரண்டு தடவை. புதிய பாய்லர் ஆர்டர்கள் குறைந்த காலத்தில் வேலை நின்றது. அதன்பிறகு இந்தத் தகரக் கொட்டகை. வாசலில் பத்தடிக்குச் சதுரக் கம்பிகள், பைப்புகள், பட்டைகள்; உள்ளே எண்ணெய் ஊற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஒன்று, இரண்டு ஆள் சேர்ந்தாலும் நகராது; அதன் தலைமேலேயே புது இன்வெர்ட்டர் மெஷின். மூலையில் ஒரு எடைமேடை.

இரண்டாம் நாள் என் கையில் ராடு மாட்டிய ஹோல்டரைக் கொடுத்தார். என் தலைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "ராடு எவ்வளவு கனமோ, அவ்வளவுதான் இடைவெளி. தூக்கிட்டீங்க. இறக்குங்க. சத்தத்தைக் கேளுங்க." இடைவெளி சரியாக இருந்தால் அப்பளம் பொரிவதுபோல விட்டுவிடாத ஒரே சத்தம் வருகிறது. தூக்கினால் இரைகிறது, பொறி சிதறுகிறது. அமுக்கினால் ராடு ஒட்டிக்கொண்டு உறுமுகிறது. கண்ணை நம்புவதற்கு முன்னால் காதை நம்பு என்பதை வேறு எந்தக் கைத்தொழிலிலும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

கண்ணுக்கான பாடம் அதைவிடக் கடினம். கறுப்புக் கண்ணாடிக்குள் முதலில் ஒரு வெளிச்சப் பொட்டுதான் தெரியும். அங்கே 5,000 டிகிரிக்கு மேல் வெப்பம். இரும்பு உருகச் சுமார் 1,500 போதும். பார்த்துப் பார்த்துக் கண் பழகியதும் அந்தப் பொட்டுக்குள் இரண்டு திரவங்கள் பிரிந்து தெரிந்தன. முன்னால் பளபளக்கும் சின்னக் குட்டை உருகிய இரும்பு. அதன் பின்னாலேயே கொஞ்சம் மங்கலாக, பாகுபோல ஊர்ந்து வருவது சிலாக்கு, ராடின் மேல்பூச்சு உருகி வரும் கசடு. "சிலாக்கு பின்னாலதான் வரணும். அது முந்திட்டா உள்ள மாட்டிக்கும்." காற்று படாமல் இரும்பைப் போர்த்திக் காப்பதும் அதுதான், முந்திக்கொண்டு உள்ளே சிக்கினால் இணைப்பைக் கெடுப்பதும் அதுதான். ராடைச் சாய்க்கிற கோணத்தில்தான் அதைப் பின்னால் தள்ளி வைக்க முடியும்.

நம் கிரில் பட்டறைகளில் எரியும் ராடின் பூச்சில் முக்கியப் பொருள் ரூட்டைல் என்ற தாது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது இருக்கிறது. இல்மனைட், சிர்கானோடு சேர்த்து அங்கே பிரித்தெடுக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபின் சிலாக்கைத் தட்டி உதிர்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கறுப்பு மணல் நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் நாள் நாலுக்கு நாலு ஜன்னல் கிரில் ஒன்று தொடங்கினார்கள். 12 மி.மீ. சதுரக் கம்பி. சட்டத்தை வெட்டித் தரையில் பரப்பி, மூலைமட்டம் வைத்து, பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் சதுரம். இல்லாவிட்டால் நான்கு பக்கமும் சரியாக இருந்தும் சட்டம் கோணல். நாலு மூலையிலும் பொட்டு வைப்பதுபோல டேக் அடித்துவிட்டு மறுபடி அளந்தார். ஒரு குறுக்கு 3 மி.மீ. கூடியிருந்தது. சுத்தியலால் ஒரே தட்டு. சரியானது. பிறகும் ஒரு மூலையை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. இங்கே கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம், கம்பியின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். உருகியது ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். "இரும்பு இழுக்கும் தம்பி. அது இழுக்கறதுக்கு முன்னாடி நாம எதிர்ப்பக்கம் இழுத்து வச்சிரணும்."

அன்று மதியம் அந்த ஜன்னலுக்குச் சொந்தக்கார அம்மா வந்தார்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களின் முகத்தில் இருக்கும் களைப்பு. வந்ததும் முதல் கேள்வி, "கிலோ என்னப்பா போட்டிருக்க?" அண்ணன் விலையைச் சொன்னார். "அங்க அரியமங்கலத்துல அஞ்சு ரூபா கம்மியா சொல்றாங்களே?" அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "ரெண்டு ரூபா குறைச்சுக்கறேன்க்கா" என்றார்.

நான் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஜன்னலுக்குச் சட்டமும் பதினொரு குத்துக்கம்பியும் சேர்த்து 60 அடி. இருபதடிக் கம்பி மூன்று. 12 சதுரம் ஒரு கம்பி ஏறத்தாழ 7 கிலோ, மொத்தம் 21 கிலோ. அந்தப் பதினொரு கம்பிக்கு 22 முனைகள். ஒவ்வொரு முனையையும் இருபுறமும் ஓட்டி, சிலாக்கு தட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, வழுவழுப்பாக்கித் தருகிறவருக்கும் 21 கிலோதான். ஒரு பக்கம் மட்டும் பொட்டு வைத்து, மேலே பட்டி தடவிப் பெயின்ட் அடித்துத் தருகிறவருக்கும் 21 கிலோதான். சதுரடிக் கணக்கில் பேசினாலாவது நியாயம் கிடைக்குமா என்றால், அங்கே 12 என்று சொன்ன கம்பி 10 ஆகிவிடும். பத்து சதுரம் மீட்டருக்கு 785 கிராம், பன்னிரண்டு 1,130. சதுரடிக் கணக்கில் கம்பி மெலிகிறது, கிலோ கணக்கில் வேலை மெலிகிறது. வீடு கட்டும் நாம் எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறோம். இணைப்பைக் காட்டு என்று கேட்டவர் ஒருவரையும் நான் இருந்த நாட்களில் பார்க்கவில்லை. நானும் என் வீடு கட்டியபோது கேட்டதில்லை.

பாய்லர் வேலையில் காட்டித்தான் ஆக வேண்டும். 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீராவி ஓடும் குழாய்; ஒரு பாய்லரில் அப்படி ஆயிரக்கணக்கான இணைப்புகள். ராடை அடுப்பில் சுட்டு, ஈரம் ஏறாமல் சூட்டோடு எடுத்து வருவார்கள். முடித்த இணைப்பை எக்ஸ்ரே எடுப்பார்கள். காற்றுக்குமிழோ சிலாக்கோ உள்ளே இருந்தால் பிலிமில் கறுப்பாக விழும். "பிலிம் வர்ற வரைக்கும் சோறு இறங்காது. கறுப்பு விழுந்துச்சுன்னா வெட்டி எடுத்து மறுபடி பண்ணணும், நம்ம நம்பர் போட்டு எழுதி வச்சிருவாங்க." ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு எண், இணைப்பின் பக்கத்தில் அது பதியப்படும்.

இதைச் சொல்லிக்கொண்டே அவர் அந்த கிரிலின் கீழ்மூலையைத் தட்டிப் பார்த்தார். சிலாக்கு உதிர்ந்த இடத்தில் கடுகளவு ஒரு துளை. அதைக் கிரைண்டரால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். சுவருக்குள் பூசி மறையப் போகிற மூலை அது. இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"மழைத்தண்ணி பார்க்கும். சந்து இருந்தா உள்ள போய் உட்கார்ந்துக்கும். அஞ்சு வருஷத்துல சிமெண்டோட பெயர்த்துக்கிட்டு வரும் துரு."

ஒருநாள் ஒருவர் டீசல் வைத்திருந்த பழைய பீப்பாயைக் கொண்டுவந்தார். அடியில் பொத்தல். கழுவிவிட்டதாகச் சொன்னார். அண்ணன் தொடவே இல்லை. காலியான பீப்பாயில்தான் ஆபத்து. எண்ணெய் போனாலும் ஆவி நிற்கும், பொறி பட்டால் வெடிக்கும். வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடப் போகிறாரே என்று, அவர் போன பிறகும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் வெல்டிங் பழகுகிற யாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். அடுத்தது ஜிஐ பைப். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். காலையில் சுவாசித்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல். பால் குடித்தால் சரியாகும் என்று எல்லாப் பட்டறையிலும் நம்புகிறார்கள். பூச்சைத் தேய்த்து எடுப்பதும், காற்றோட்டமான இடத்தில் நிற்பதும்தான் வழி. 2017ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தி இந்தத் தகரக் கொட்டகைகளுக்கு வந்து சேரவில்லை. மின்விசிறியைப் புகை வெளியே போகிற பக்கம் திருப்பி வைப்பதுகூடச் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் நடக்காமல் இருக்கிறது.

அங்கே வேலை பழகும் பையனுக்கு இருபது வயது. டேக் அடிக்கும்போது முகமூடி போடுவதில்லை. கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வான். நாலாம் நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் சிவந்த கண்ணோடு வந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போல் ஆகிவிட்டதாம். அம்மா உருளைக்கிழங்கு வெட்டி வைத்தார்களாம். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும், ஒன்றிரண்டு நாளில் தோல் வளர்ந்துவிடும். வளர்ந்துவிடுவதாலேயே மறுபடி மறுபடி நடக்கிறது. ஒரு கையில் கம்பி, மறு கையில் ஹோல்டர், முகமூடியை எந்தக் கையால் பிடிப்பது என்று கேட்டான். நியாயமான கேள்வி. தலையில் மாட்டி, பொறி எழும்போது தானே கறுக்கும் முகமூடி என்னிடம் ஒன்று இருந்தது. அதை அவனிடம் கொடுத்தேன். மறுநாளும் அதைப் போட்டிருந்தான். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

கடைசி நாள் என் ஸ்டாண்டை எடுத்துப் போனேன். பழைய இணைப்புகளையெல்லாம் வெட்டி, முனைகளைச் சரித்துத் தேய்த்து, 85 ஆம்பியரில் நானே ஓட்டினேன். அண்ணன் பின்னால் நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறியதும் அதே ஆங்கிளில் நான் ஓட்டிய ஒரு வெட்டுத்துண்டை வைஸில் பிடித்துச் சம்மட்டியால் அடித்தார். ஆங்கிள் வளைந்தது. இணைப்பு விடவில்லை.

எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். பழக்கத்தில் ஸ்டாண்டைத் தூக்கி எடைமேடையில் வைத்தார். பிறகு எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"இரும்பு உங்களுது. கிலோ கணக்கு வராது. ராடு ஒன்பது ஆச்சு" என்று சொல்லி, சாக்பீஸால் தகரச் சுவரில் 9 என்று எழுதினார்.