பதிவேடும் பலவந்தமும்

லாசாலில் நியூமன் வீதிக்கு அண்மையில் நாம் குடியிருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்துக்குக் கடந்த மாரியில் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அக்குடும்பத் தலைவர் ஒரு ஞாயிறு மாலை அகதிக் கோரிக்கைப் படிவத்துடன் எம் கதவைத் தட்டினார். ஊரில் ஆசிரியராக இருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது எம்மவரின் பழைய நம்பிக்கை. நாம் பயின்றது கலை, சட்டமன்று. ஆயினும் படிவத்தை வாசித்துப் பார்த்தோம்.

அவர் ஒரு விடயத்தை விட்டுவிட்டிருந்தார். ஆயுதம் தரித்தோர் அவரையும் அவரது உழவு இயந்திரத்தையும் கொண்டுசென்று இரண்டு நாட்கள் பொதிகள் ஏற்றி இறக்கச் செய்திருந்தனர். "அதை எழுதினால் என்னையும் அவங்களோட சேர்த்துப் போடுவாங்கள், சேர்" என்றார்.

அவருடைய அச்சம் ஆதாரமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு ஓர் இயக்கத்தின் உறுப்பினரென்று ஒருவரைக் கண்டால் அவரது கோரிக்கையையே அடைத்துவிடக்கூடியது. ஆனால், துவக்கு முனையில் செய்த வேலையும் விரும்பிச் செய்த வேலையும் ஒன்றா என்ற கேள்வியை இந்நாட்டு நீதிமன்றங்கள் பலமுறை எதிர்கொண்டுள்ளன. அதை எம்மவர் அறிந்திருத்தல் நன்று.

1994 ஏப்பிரலில் பெல்கிரேட்டைச் சேர்ந்த மரியானா ரூசிச் என்னும் 21 வயதுப் பெண் ரொறன்ரோ விமான நிலையத்தில் பிடிபட்டார். உடலில் கட்டியிருந்தது இரண்டு கிலோ ஹெரோயின்; கையில் இருந்தது போலி ஒஸ்திரியக் கடவுச்சீட்டு. ஊரில் ஒருவன் தம்மைத் துன்புறுத்தி வந்தான் என்றும், சொன்னதைச் செய்யாவிட்டால் தாயாருக்குத் தீங்கு நேரும் என மிரட்டினான் என்றும் அவர் கூறினார். கனடியக் குற்றவியல் சட்டக் கோவையின் 17ஆம் பிரிவோ, மிரட்டல் உடனடியானதாக இருக்கவேண்டும், மிரட்டியவன் குற்றம் நிகழும் இடத்தில் நிற்கவும் வேண்டும் என்றது. மிரட்டியவன் பெல்கிரேட்டில், பெண் ரொறன்ரோவில். காவற்றுறையிடம் முறையிட்டிருக்கலாமே என்ற கேள்வியும் எழுந்தது. அங்குள்ள காவற்றுறையில் தமக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்றார் அவர். இப்பதிலை விளங்கிக்கொள்ள எம்மவருக்கு உரைநூல் வேண்டியதில்லை.

யூரிகள் அவரை விடுவித்தனர். 2001இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. மெய்யான தெரிவு எதுவுமற்ற நிலையில் செய்த செயலுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்குதல் அடிப்படை நீதிக்கு முரணானது என்று கூறி, அந்த இரு நிபந்தனைகளையும் நீக்கிற்று. நாம் பிறந்த நாட்டின் சட்டம் இதனினும் இறுக்கமானது. 1860இன் இந்தியக் கோவையைத் தழுவிய 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை, தனக்கே உடனடி மரணம் நேரும் என்ற அச்சத்தைத்தான் கேட்கிறது. பிள்ளையைக் காட்டி மிரட்டினால் அதற்கு அங்கே இடமில்லை.

எமக்கு இன்னும் நெருங்கிய வழக்கு 'சன் சீ' கப்பலினது. 2010 ஓகஸ்ட்டில் 492 தமிழருடன் அது பிரித்தானிய கொலம்பியாவை அடைந்தது. தாய்லாந்து மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் போனபின் பயணிகளில் பன்னிருவர் அதை இயக்கும் பணிகளை ஏற்றனர். ஒருவர் இயந்திர அறையில் எண்ணெயும் நீரும் பார்த்தார். ஒருவர் சமைத்தார், காவல் பார்த்தார். கரை சேர்ந்ததும் ஆட்கடத்தலில் ஈடுபட்டோர் எனச் சிலருடைய கோரிக்கைகள் தடுக்கப்பட்டன. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தடையை ஏற்கவில்லை. அகதிகள் தம்முள் ஒருவருக்கொருவர் செய்த உதவி, இலாபத்துக்காகச் செய்யும் ஆட்கடத்தலாகாது என்றது. கண்டிப்பாகப் பார்த்தால் இது பலவந்த வழக்கன்று. சட்டத்தின் சொற்களுக்குப் பொருள் கண்ட வழக்கு. நடுக்கடலில் இயந்திரத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால் 492 பேரும் என்னாவர் என்பதை மட்டும் எவரும் மறந்துவிட முடியாது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. பேர்க்கா வழக்கில், 1984இல், தலைமை நீதியரசர் டிக்சன் அதை விளக்கினார். வேறு வழியில்லாமையால் செய்த செயலைச் சட்டம் மன்னிக்கிறது. அது சரியான செயல் என்று சொல்வதில்லை. ஆபத்து கண்முன் நின்றதா, சட்டத்துக்கு அமைந்த வேறு வழி இருந்ததா, செய்த தீங்கு தவிர்த்த தீங்குக்கு மிஞ்சியதா என்று கேட்டபின்னரே அந்த மன்னிப்பும்.

இவ்விடத்தில் எம் கதையையும் சொல்லவேண்டியுள்ளது. ஊரில் நாம் உயர்தர வகுப்பாசிரியராக இருந்த காலம். ஆயுதம் தரித்தோர் மாணவர் பதிவேட்டைக் கேட்டு வருவர் என்ற செய்தி முதல் நாள் இரவே எட்டியது. எத் தரப்பினர் என்பது இங்கு வேண்டியதன்று. காலையில் இருவர் வந்தனர். ஒருவர் எம் மனைவியின் பெயரையும், கைக்குழந்தை உறங்கும் அறையின் சாளரம் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை. பதிவேட்டைக் கொடுத்தோம். அவ்வாரமே மூன்று மாணவர் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவன் திரும்பி வந்தான்.

மொன்றியலில் நடந்த விசாரணையில் இதை மறைக்காது கூறினோம். முதல் நாளே அறிந்திருந்தீர்களாயின் பதிவேட்டை ஏன் எரிக்கவில்லை என்று சபை உறுப்பினர் கேட்டார். எரித்திருந்தால் வாயால் பெயர் கேட்டிருப்பார்கள் என்றோம். அது உண்மை. அன்றிரவு எரிக்கும் எண்ணமே எமக்குத் தோன்றவில்லை என்பதும் உண்மை. அதையும் சொன்னோம். கோரிக்கை ஏற்கப்பட்டது. திரும்பாத இருவரில் ஒருவனின் தாயார் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். கலியாண வீடுகளில் கண்டால் சுகம் விசாரிப்பார். சட்டம் எம்மை மன்னித்ததென்று அவரிடம் சொல்ல எமக்கு வாய் வருவதில்லை.

கீழ்த்தளத்து அன்பருக்கு இவ்வளவையும் சொன்னோம். விட்டுவிட்ட செய்தி பின்னர் வேறொருவர் வாயால் வெளிவந்தால், பலவந்தம் என்று அப்போது சொல்வதை யார் நம்புவர்? இப்போதே எழுதினால், வந்தவர் என்ன சொன்னார், கையில் என்ன இருந்தது, மறுத்தவருக்கு ஊரில் என்ன நேர்ந்தது, எப்போது தப்பினீர் என்பவற்றையும் சேர்த்து எழுதலாம். சட்டம் தேடுவது இவற்றைத்தான். மறுநாள் சட்டத்தரணியிடம் காட்டுவதென்று முடிவுசெய்து, முதலில் தமிழில் எழுதத் தொடங்கினோம்.

"திகதி சரியா நினைவில்லை, சேர். மாசி மாசம், நெல்லு வெட்டி முடிஞ்ச பிறகு" என்றார்.

அப்படியே எழுதிக்கொண்டோம்.