வீட்டைத் திருத்திப்பார்!

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாய்மொழி. கட்டிப்பார்ப்பதினும் கடினமானது, கட்டிய வீட்டைத் திருத்திப்பார்ப்பது என்பது நாம் பட்டுத் தெளிந்த உண்மை. புதுவீடு கட்டுவோர் வெற்று மனையில் தொடங்குகின்றனர். பழைய வீட்டைப் புதுப்பிப்போரோ மற்றொருவர் அறிவால் எழுந்த ஒன்றின்மேல் கைவைக்கின்றனர். அவ்வறிவை மதியாது கைவைத்தமையால் நமக்கு நேர்ந்தவற்றை இம்மலரின் வழியே கூறுவது, நாளை இல்லறம் ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்களுக்கும், பாரம்பரிய இல்லங்களைக் காத்துவரும் பெரியோர்களுக்கும் பயன்படும் என நம்புகிறோம்.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரொன்றில் நம் பாட்டனார் எழுப்பிய வீடு அது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த சுவர்கள். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையிட்ட மேல்தளம். நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் ஓரத்தில் ஒளுச் செய்வதற்கெனப் பதிக்கப்பெற்ற சொரசொரப்பான கருங்கற்பலகை. வாப்பாவின் மறைவுக்குப்பின் அவ்வீடு ஓர் அமானிதமாக நம் கைக்கு வந்தது. 2017-ஆம் ஆண்டில் தங்கையின் நிக்காஹ் உறுதியானபோது, நான்கே மாதங்களில் வீட்டைப் புதுமெருகேற்ற எண்ணினோம். அந்த அவசரமே நம் முதற்பிழை. ஏனைய பிழைகள் யாவும் அதன் பிள்ளைகள்.

கூடத்துச் சுவரின் அடியில் இரண்டடி உயரத்திற்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்திருந்தது. அவ்வோதம் எங்கிருந்து வருகிறதென ஆராயாமல், ஒப்பந்தக்காரரின் சொற்கேட்டுச் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினோம். திருமணநாளில் சுவர் பளபளத்தது. இரண்டாம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக்குப்பின் ஓதம் ஐந்தடிக்கு ஏறியது. வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது.

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் மிக்கது. நிலத்திலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் அத்துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறும். இறுகிய சிமெண்டுப் பூச்சு அவ்வழியைப் பெரிதும் அடைத்துவிடுகிறது. வெளியேற வழியற்ற ஈரம் மேல்நோக்கி ஏறுகிறது. அதிற் கரைந்துள்ள உப்பு, பூச்சின் பின்னே படிகமாகி அதனைத் தள்ளுகிறது. கடலோர மண்ணில் உப்புக்கு என்ன குறை? மூலகாரணமோ வாசலில் இருந்தது. சாலைமேல் சாலையாகப் போட்டுத் தெரு உயர்ந்துவிட, வீடு தாழ்ந்து, மழைநீர் சுவரோரம் தேங்கி நின்றது. நோய் தெருவில் இருக்க, மருந்தைச் சுவரில் பூசியிருக்கிறோம்!

அடுத்தது வரிசைப்பிழை. பூச்சு முடிந்து வண்ணமும் அடித்தபின்னரே, மின்கம்பிக்கும் தண்ணீர்க்குழாய்க்கும் சுவரைக் கொத்த வேண்டியுள்ளதென்பது நினைவுக்கு வந்தது. முதலில் மேல்தளத்து ஒழுக்கு, பிறகு குழாயும் கம்பியும், அதன்பின் பூச்சு, பின்னர் தரை, இறுதியில் வண்ணம் என்பதே முறை. முறை பிறழ்ந்தமையால் ஒரே சுவருக்கு இருமுறை கூலி கொடுத்தோம். பேச்சும் வாய்ப்பேச்சாகவே இருந்தது. எந்த வேலை யார் பொறுப்பு, எவ்வளவு தொகை என எதனையும் எழுதி வாங்கவில்லை. எதிர்பாராச் செலவுக்கெனத் தனியே ஒன்றும் ஒதுக்கிவைக்கவுமில்லை. வீண்விரயம் கூடாதென்பதை வெள்ளிதோறும் ஜும்ஆ உரையில் கேட்பவர்தாம் நாம்!

ஒரு பிழையிலிருந்து மட்டும் இறைவன் காத்தான். கூடத்தை விரிவாக்க நடுச்சுவரை இடிப்பதென முடிவாகி, கடப்பாரையும் வந்துவிட்டது. அண்டை வீட்டு வேலைக்கு வந்திருந்த முதிய கொத்தனார் ஒருவர் அதைக் கண்டு உள்ளே வந்தார். "தம்பி, மேலே பாருங்க. நாலு உத்திரமும் இந்தச் சுவருமேலதான் உக்காந்திருக்கு. இதை எடுத்துட்டா அது எங்கே போய் உக்காரும்?" என்றார். அண்ணாந்து பார்த்தோம். பிறந்தது முதல் அந்தக் கூரையின்கீழ் உறங்கியிருந்தும் அன்றுதான் அதனைப் பார்த்தோம்.

நெஞ்சை இன்றும் உறுத்துவது தரையில் செய்த பிழை. பழைய தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே வழவழப்பான டைல்ஸ் பதித்தோம். தரை இரண்டு அங்குலம் உயர்ந்தது. கதவுகளின் அடியை இழைக்க நேர்ந்தது. முற்றத்தில் தண்ணீர் ஓடுவதற்கென முன்னோர் வைத்திருந்த வாட்டமும் மறைந்தது. "ஒளுச் செய்யிற இடத்துக் கல்லை மட்டும் எடுக்காதே, வாப்பா. கால் பிடிமானமா இருக்கு" என்றார் உம்மா. அழகு கெடுமே என்றெண்ணி அதனையும் பெயர்த்தெடுத்துக் கொல்லையில் போட்டோம். அடுத்த ஆண்டு ஒரு மழைநாளின் விடியலில், சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யச் சென்ற உம்மா தேங்கிய நீரில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவமும் நெடுநாள் படுக்கையுமாக அவர் பட்ட துன்பத்தினிடையே, நம்மை நோக்கி ஒரு சொல்லும் குறையாகச் சொன்னதில்லை. அம்மௌனமே நமக்குப் போதிய தண்டனையாயிற்று.

வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் பதிப்புக்கலை நடத்துகிறோம். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், சமணக் கருத்துகள் விளங்காத இடங்களில் குடந்தைச் சமணர்களை நாடிச்சென்று கேட்டுத் தெளிந்தார் என மாணவர்க்கு எடுத்துரைக்கிறோம். தமக்கு விளங்கவில்லை என்பதற்காக ஒரு சொல்லை வெட்டியெறியும் உரிமை பதிப்பாசிரியர்க்கு இல்லை எனவும் கற்பிக்கிறோம். ஆனால் நம் பாட்டனார் விட்டுச்சென்ற வீடெனும் சுவடியில், பொருள் விளங்காத ஒவ்வொரு சொல்லையும் நாமே வெட்டியெறிந்திருக்கிறோம். சுண்ணாம்பும், வாட்டமும், கருங்கல்லும் காரணத்தோடு இருந்தவை. கேட்டிருந்தால் சொல்வதற்கு உம்மா இருந்தார். முதிய கொத்தனார் இருந்தார். நாம்தான் கேட்கவில்லை.

பின்னர் அந்த முதியவரையே வேண்டி அழைத்தோம். முதலில் வாசலோரம் வடிகால் அமைத்து மழைநீரை அப்புறப்படுத்தினார். சிமெண்டுப் பூச்சை அகற்றிச் சுவரைப் பல வாரங்கள் உலரவிட்டார். நீர்த்து ஊறவைத்த சுண்ணாம்பை ஆற்றுமணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்து மெல்ல மெல்லப் பூசினார். விரைவுபடுத்த முயன்றபோது, "சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது தம்பி" என்றார். முற்றத்து டைல்ஸைப் பெயர்த்து வாட்டத்தை மீட்டார். கொல்லையில் கிடந்த கருங்கல் தன் பழைய இடத்திற்குத் திரும்பியது.

மாணவச் செல்வங்களே! நாளை உங்கள் பெற்றோர் வாழ்ந்த வீட்டைப் புதுப்பிக்கும் காலம் உங்களுக்கும் வரும். கடப்பாரையை எடுக்குமுன், ஒரு மழைக்காலமாவது அவ்வீட்டை உற்றுநோக்குங்கள். நீர் எங்கே நிற்கிறது, பாரம் எதன்மேல் அமர்கிறது எனக் காணுங்கள். செலவை எழுத்தில் வகுத்துச் சிறிது ஒதுக்கியும் வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வீட்டில் மூத்தவர் எவரோ அவரிடம் முதலில் கேளுங்கள்.

உம்மா இன்று கைத்தடியூன்றி நடக்கிறார். கருங்கல் மீண்டும் பதிந்த நாளன்று அதன்மேல் மெல்லக் கால்வைத்துப் பார்த்தவர், "அல்ஹம்துலில்லாஹ், இப்ப கால் நிக்குது வாப்பா" என்றார். நம் கண்கள் கலங்கின.