கண்ணபுரம் சந்தையில் அப்புச்சி

சித்திரை பிறந்துவிட்டால் அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். புழுதி, சாணி வாடை, கழுத்துமணிச் சத்தம். எங்கே திரும்பினாலும் காங்கேயம் மாடுகள்தான்: மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று பல நிறங்களில். அப்புச்சி தரகர் இல்லை. ஆனாலும் மாடு பிடிக்க வருகிறவர்கள், "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்று அவரைத் தேடி வருவார்கள்.

ஒரு தடவை உறவுக்காரர் ஒருவர் மயிலைக் காளைச் சோடி ஒன்றைக் காட்டி, "நல்ல மாடுங்களா மாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு மாப்ள?"

"வண்டிக்குங்க."

அப்புச்சி காளையின் கீழுதட்டை விலக்கினார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே இருக்கும் எட்டை வைத்துத்தான் வயசு சொல்வார்கள். பிறகு இரண்டையும் நடக்கவிட்டு, பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் நாலு பல்லு, அதுல பேச்சில்ல. வலத்துக் காளைக்குப் பின்னங்குளம்பு உள்பக்கமாத் தேஞ்சிருக்கு. நடக்கையில காலோட கால் உரசுது. ஏருக்குத் தாங்கும். தார் ரோட்டுல பாரம் இழுத்தா நொண்டும்னு எனக்குத் தோணுது. கொம்பும் திமிலும் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அதுக்காக வாங்குன்னு சொல்ல மாட்டேன்."

பக்கத்தில் நின்ற ஒருவர், "சுழியும் சரியில்லீங்க" என்றார்.

"அது உங்க நம்பிக்கைங்க. நான் காலைத்தான் பார்த்தேன்."

விற்கிறவர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து, காலைத் தூக்கி, குளம்பைத் தாமே பார்த்தார். 'மட்டமான மாடு' என்று சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். குளம்பைச் சொன்னதால் அவரும் பார்க்க முடிந்தது. அன்று மாலைக்குள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அந்தச் சோடியை ஏருக்கென்று பிடித்துக்கொண்டு போனார். துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசும் சந்தை அது. மாட்டைப் பற்றிய பேச்சை மட்டும் அப்புச்சி நாலு பேர் காதில் விழும்படியே சொல்வார்.

திரும்பும்போது, "அந்தச் செவப்புக் கன்னு அழகுங்க அப்புச்சி" என்றேன்.

"எது கண்ணு அழகு? நெறமா? காங்கேயம் கன்னு பொறக்கையில செவப்பாத்தான் இருக்கும். ஆறு மாசத்துல மாறிரும்."

நின்று திரும்பிப் பார்த்தேன். கன்று தாயின் வயிற்றோடு ஒட்டி நின்றது. எந்தப் பக்கம் மணி அசைந்தாலும் அதன் காது அந்தப் பக்கம் திரும்பியது.

"காதுங்க. சத்தம் வர்ற பக்கமெல்லாம் திரும்புது."

"அப்படிச் சொல்லு."

பின்னாளில் புத்தக மதிப்புரைகளும் சினிமா விமர்சனங்களும் ஏராளமாகப் படித்துவிட்டேன். கண்ணால் கண்டது எது, ஊகித்தது எது, தனக்குப் பிடித்தது எது என்று பிரித்துச் சொல்கிறவர்கள் அவற்றில் மிகக் குறைவு. பள்ளிக்கூடம் போகாத அப்புச்சி ஒவ்வொரு மாட்டுக்கும் அதைச் செய்தார்.