அரை மணி நேரம்

மூளையின் இடப்பக்கம் பழுதுற்றமையால் என் மனைவியின் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. மயிலாப்பூரில் எங்கள் இல்லத்தில் ஒருநாள் காலை மின்சாரம் நின்றது. குழாயில் நீர் வரவில்லை. அடுப்பிலே பால் பொங்கி வழிந்தது. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி இல்லந்தோறும் வரும் இயன்முறை மருத்துவரும் அப்போதே வந்து நின்றார்.

இத்தனை பரபரப்பிடையே அவள் வலக்கையால் இட்டிலியைப் பிட்டு உண்ண முயன்றுகொண்டிருந்தாள். நான் ஊட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும். அவளுக்கோ அரை மணி வேண்டும். ஆயினும் நான் ஊட்டவில்லை. இடைவிடாத பயிற்சியால் மூளையின் பிற பகுதிகள், பழுதுற்ற பகுதியின் பணியை ஓரளவு ஏற்கும் என்பது மருத்துவர் கண்ட உண்மை.

நின்ற நீரும் மின்சாரமும் தாமே திரும்பும். அவள் கை திரும்புவது அந்த அரை மணியால்தான். செய்து கொடுப்பது மட்டும் உதவியன்று; தாமே செய்யும்வரை பொறுத்திருத்தலும் உதவியேயாகும்.