மணித்தியாலக் கணக்கு

ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் சனம் முதலில் வாங்கிய கார்கள் பெரும்பாலும் கொரொல்லா, கம்ரி, சிவிக். அவற்றுக்குப் பிறேக் போட எவ்வளவு முடியும், ஸ்ராட்டர் மாற்ற எவ்வளவு முடியும் என்பது ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் தெரியும். கோயில் வாசலிலும், பிறந்தநாள் விழா மேசைகளிலும், வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறைகளிலும் பேசிப்பேசியே அது ஊர் விலையாகிவிட்டது. ஒரு கராஜ்காரர் அதற்குமேல் நூறு டொலர் கேட்டால் அடுத்த கிழமை எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆங்கிலம் சரளமாக வராத காலத்தில், ஏமாறாமல் இருக்க எங்களிடம் இருந்த ஒரே காவல் அந்தப் பேச்சுத்தான்.

இப்போது பிள்ளைகள் உழைக்கிறார்கள். வேலை கிடைத்து ஓரிரு வருடத்தில் பழைய போர்ஷே, பீஎம்டபிள்யூ இசட்4, நிசான் 370இசட் என்று தேடி வாங்குகிறார்கள். இருபது வயதான ஒரு போர்ஷே பொக்ஸ்ரரைப் புதுக் கொரொல்லாவைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அதன் பராமரிப்புச் செலவு, அது புதிதாக விற்கப்பட்ட காலத்து விலையைப் பார்த்துத்தான் வரும். இங்கே ஊர் விலை உதவாது. அந்தக் காரைப் பற்றிச் சொல்ல எங்கள் மேசைகளில் ஆள் இல்லை. பெடியன் கராஜ் கொடுத்த கடதாசியை வைத்துக்கொண்டு தனியே நிற்கிறான்.

என் அக்காவின் மகன் அப்படித்தான் வந்து நின்றான். அவனுடையது 2003ஆம் ஆண்டுப் பொக்ஸ்ரர், கையால் கியர் மாற்றும் கார். கிளச் வழுக்கத் தொடங்கியிருந்தது. "மாமா, இது நியாயமான விலையோ, இல்லாட்டி சின்னப்பெடியன் எண்டு நினைச்சு ஏத்திப் போட்டிருக்கினமோ?" என்று கேட்டான். நான் பல வருடங்கள் உதிரிப்பாகக் கடையொன்றின் கவுண்டரில் நின்றவன். கராஜ்களின் கணக்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். மொத்தத் தொகையைப் பார்க்கவே இல்லை. கூலி எத்தனை மணித்தியாலம் என்று போட்டிருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

கிளச் மாற்ற 9 மணித்தியாலம். ஐஎம்எஸ் பேரிங் மாற்ற 9 மணித்தியாலம். எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல் மாற்ற 8 மணித்தியாலம். மணிக்கு 150 டொலர். கூலி மட்டும் 3,900 டொலர். அதற்குமேல் சாமான்களின் விலை, 13 சதவீத எச்எஸ்ரி வரி.

இந்த மூன்று வேலைகளும் எங்கே நடக்கின்றன என்று தெரிந்தால்தான் கணக்கின் கோளாறு தெரியும். பொக்ஸ்ரரில் எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னால், காரின் நடுவில் இருக்கிறது. கியர்பொக்ஸ் அதற்கும் பின்னால். கிளச்சைத் தொட வேண்டுமானால் காரை லிஃப்ற்றில் ஏற்றி, கீழே உள்ள தாங்கிகளைக் கழற்றி, கியர்பொக்ஸை இறக்க வேண்டும். பெரும்பாடு அதுதான். இறக்கி, கிளச்சையும் பிளைவீலையும் கழற்றிவிட்டால் எஞ்சினின் முகம் கண்ணுக்கு முன்னால் தெரியும். அந்த முகத்திலேயே பின்பக்க ஒயில் சீலும் இருக்கிறது, ஐஎம்எஸ் பேரிங்கின் மூடியும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் கிணறு இறைத்தால் அன்றைக்கே தூரும் வாருவோம், உட்கட்டும் பூசுவோம். யாரும் மூன்று தரம் இறைத்ததாகக் கூலி கேட்பதில்லை. இந்த மதிப்பீடு மூன்று தரம் இறைத்த கணக்கு.

வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கராஜ்களில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணித்தியாலம் என்று சொல்லும் கூலிப் பட்டியல் இருக்கிறது. அது ஒவ்வொரு வேலையையும் கார் முழுதாக நிற்கும் நிலையிலிருந்து தொடங்கிக் கணக்கிடும். கியர்பொக்ஸை இறக்குவதும் அதற்குள் அடங்கும். சேர்ந்து வரும் வேலைகளுக்குப் பொதுவான நேரத்தைக் கழிக்க வேண்டியது மதிப்பீடு எழுதுபவரின் கடமை. கழிக்காமல் கூட்டினால், எண்ணம் எதுவாக இருந்தாலும் விலை அநியாயம்தான்.

ஐஎம்எஸ் பேரிங் என்பதும் வீண் செலவு அல்ல. 1997 முதல் 2008 வரையான பொக்ஸ்ரர் எஞ்சின்களில், கம்சாஃப்ற்றுகளை ஓட்டும் சங்கிலிகளை இயக்கும் ஐஎம்எஸ் என்ற இடைத்தண்டு இருக்கிறது. அதன் கியர்பொக்ஸ் பக்க முனையைத் தாங்குவது அந்தப் பேரிங். அது உடைந்தால் வால்வுகளின் நேரம் தப்பி, வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினே போய்விடும். அமெரிக்காவில் இதற்காகக் கூட்டு வழக்கே நடந்து, 2001 முதல் 2005 வரையான மொடல்களுக்கு 2013இல் சமரசம் ஏற்பட்டது. 2006 மொடல் முதல் வந்த பெரிய பேரிங்கை எஞ்சினைப் பிளக்காமல் எடுக்க முடியாது. 2009இல் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை. ஆகவே 2009 கார் வைத்திருப்பவரிடம் ஒரு கராஜ் ஐஎம்எஸ் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் கடதாசியை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

மருமகனை மார்க்கம் நகரில் எங்கள் ஆள் ஒருவரிடம் கூட்டிப் போனேன். ஐரோப்பியக் கார்களில் நெடுங்காலம் வேலை செய்தவர். விலை சொல்வதற்கு முன்னர், சோதித்துப் பார்க்க இவ்வளவு, வேலையைத் தந்தால் அது இல்லை என்றார். பிறகு ஒயில் பில்ரரைக் கழற்றி, உள்ளே இருந்த கடதாசி மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுத்த ஒயில், ஓரிரு பிளாஸ்ரிக் துணுக்குகள். உலோக மினுக்கம் இல்லை. சிறு காந்தமொன்றை மடிப்புகளின் மேல் மெதுவாக ஓட்டினார்; ஒன்றும் ஒட்டவில்லை. "தம்பி, பேரிங் இப்ப நல்லாத்தான் இருக்கு. எண்டாலும் கியர்பொக்ஸ் இறக்கிற நேரம் மாத்திறதுதான் புத்தி. பிறகு இதுக்கெண்டு இன்னொருக்கா இறக்கினா முழுக் கூலியும் திரும்பக் குடுக்க வேணும்."

அவருடைய கூலி மணிக்கு 165 டொலர், முதல் கராஜைவிட அதிகம். ஆனால் மூன்று வேலைக்கும் சேர்த்து 12 மணித்தியாலம்தான் எழுதினார்: 1,980 டொலர். மணிக்கூலியை மட்டும் தொலைபேசியில் கேட்டு ஒப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பிளைவீலைத் தனியாகக் குறித்து, "கழற்றிப் பார்த்தபின், பழுதென்றால் மட்டும்" என்று விலையும் எழுதினார். முதல் கடதாசியில் பிளைவீல் என்ற பேச்சே இல்லை. கார் துண்டு துண்டாகக் கிடக்கும்போது, மறுக்க முடியாத நேரத்தில் பிளைவீலும் பழுது என்று தொலைபேசி வந்திருக்கும். பனிக்கு உப்புத் தூவிய தெருவில் ஓடிய காரின் எந்த ஆணி முறியும் என்று சொல்ல முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. முறிந்தால் எவ்வளவு கூடும் என்று எழுதினார்.

விலை கூடினாலும் நியாயமான இடங்களும் உண்டு. இந்தக் காருக்கு எட்டு லீற்றருக்கு மேல் ஒயில் வேண்டும், அதுவும் போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் பெற்ற செயற்கை ஒயில். கொரொல்லாவின் விலையை இங்கே இழுப்பது தவறு. பெல்ற் மாற்ற ஆசனங்களின் பின்பலகையைக் கழற்ற வேண்டும். ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கீழிருந்துதான் எடுக்க வேண்டும். பின் ரயர்கள் முன் ரயர்களைவிட அகலம் என்பதால் முன்பின்னாக மாற்றிப் போட்டு மிச்சம் பிடிக்க வழியில்லை. இதெல்லாம் காரின் செலவு. கராஜ்காரரிடம் கோபப்பட ஒன்றும் இல்லை.

கராஜ்காரரின் பக்கக் கடமையைச் சட்டமும் சொல்கிறது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனத் திருத்தத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். இறுதித் தொகை அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மதிப்பீடு வேண்டாம் என்றால், உச்சத் தொகை ஒன்றுக்கு நீங்கள் சம்மதம் தெரிவித்திருக்க வேண்டும். செய்த வேலைக்கும் போட்ட சாமானுக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தர முன்வர வேண்டும். சில சாமான்களுக்கு விலக்கு உண்டு.

எங்கள் சனம் இந்த உரிமைகளைத் தாங்களே கைநழுவ விடுவதைப் பார்த்து எனக்கு மனம் வலிக்கிறது. "காசாத் தாறன், ராக்ஸ் வேண்டாம், பில்லும் வேண்டாம்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சில நூறு டொலர் மிஞ்சும். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் ஒயில் கசிந்தால் என்ன செய்வீர்கள்? சட்டம் தந்த உத்தரவாதம் போகாது, ஆனால் அந்த வேலை நடந்தது என்பதற்குச் சாட்சி போய்விடும். அரசுக்குச் சேர வேண்டியதை மறைத்த பிழை வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கட ஆள்தானே என்று மணிக்கூலியில் அடித்துப் பேசுவது சரியல்ல. கார் திருத்துநருக்கான 310எஸ் உரிமம் எடுக்க ஒருவர் வருடக்கணக்கில் பயிற்சி வேலை செய்து, பரீட்சை எழுதித் தேற வேண்டும். கருவிகளைப் பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். உண்மையில் உழைத்த மணித்தியாலத்துக்கு முழுக் கூலி கேட்பது அவர் உரிமை. உழைக்காத மணித்தியாலத்துக்குக் கொடுக்காமல் இருப்பது உங்கள் உரிமை.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வேலைகளில் எவை ஒரே தடவை கழற்றுவதில் முடியும், அந்த நேரத்தைக் கழித்தீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கராஜில் காரை விடாதீர்கள்.